தாய்ச்செடியின் விலாசம்

ஆரணிப் பட்டுப் புடவை ஒன்றின் பூர்வோத்தரத்தை விசாரித்துக்கொண்டே பின்னோக்கிச் சென்றால், தறியையும் சாயப்பட்டறையையும் நூல் முறுக்கும் ஆலையையும் தாண்டி, ராமநகரத்துப் பட்டுக்கூட்டுச் சந்தையையும் தாண்டி, கடைசியில் கர்நாடகத்து வயல் ஒன்றில் சாண் நீளத்துக்கு நறுக்கி ஊன்றப்பட்ட ஒரு மல்பெரிக் குச்சியின் முன்னால் போய் நிற்போம். மைசூரிலுள்ள மத்தியப் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-இல் வெளியிட்ட வி1 என்னும் ரகம் இன்று தென்னாட்டு மல்பெரித் தோட்டங்களில் பிரதான ஸ்தானம் வகிக்கிறது. அந்த லட்சோபலட்சம் செடிகளில் ஒன்றாவது விதையிலிருந்து முளைத்ததில்லை, எல்லாம் ஆறு முதல் எட்டு மாதம் முற்றிய கொம்பை மூன்று நான்கு மொட்டுகள் இருக்கும்படி நறுக்கி நட்டுப் பெருக்கியவை. மல்பெரியின் விதை தாயின் குணத்தை அப்படியே கொண்டுவராது. ஒரே மரத்துப் பழத்தில் எடுத்த விதைகளை விதைத்தாலும் ஒன்று அகன்ற இலையாகவும் ஒன்று சிறுத்த இலையாகவும், ஒன்று சாறு நிறைந்ததாகவும் ஒன்று சக்கையாகவும் வளரும். ஆகையால் வி1 என்பதை ஒரு குலம் என்று சொல்வதைக் காட்டிலும், ஆயிரம் வயல்களில் பரந்து நிற்கும் ஒரே உடல் என்று சொல்வதே யதார்த்தத்துக்குப் பொருந்தும்.

பட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தவனில்லை நான். நம் ஊர்த் தறிவீடுகளின் புழக்கடையில், துணி துவைக்கும் கல்லுக்கும் கிணற்றடிக்கும் இடையே ஆடாதோடையும் நொச்சியும் கற்பூரவல்லியும் சீந்திலும் நிற்கின்றனவே, அவற்றைப் போத்து வைத்து, அதாவது கொம்பை நறுக்கி ஊன்றிப் பெருக்குவது எப்படி என்று நண்பர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குப் பதில் எழுதத் தொடங்கும்போதுதான், பட்டின் மூலத்திலும் மருந்தின் மூலத்திலும் ஒரே சூத்திரம் நிற்பது நினைவுக்கு வந்தது.

அந்தச் சூத்திரத்தை நெசவாளிக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஒரு பாவு தீர்ந்ததும் நாம் அச்சையும் விழுதையும் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து இழை கோப்பதில்லை. பழைய பாவின் எஞ்சிய நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்து இழுத்துக்கொள்கிறோம், பழைய கோப்பு அப்படியே தொடர்கிறது. போத்தும் இத்தகையதே. விதை என்பது இரண்டு பெற்றோரின் குணங்கள் புதிதாகக் கலந்து பிறக்கும் வேறொரு ஜீவன். போத்து தாய்ச்செடியின் தொடர்ச்சி. தாயின் இலையில் எந்தக் காரச்சத்து இருந்ததோ அதை ஆக்குகிற சக்தி இதற்கும் உண்டு. தாய்க்கு இருந்த பிணியையும் இது சுமந்துகொண்டு வரக்கூடும். தாய் வேறொரு இனமாக இருந்து, பெயரை மட்டும் நாம் தப்பாகச் சூட்டியிருந்தால், அந்தத் தவறும் கொம்போடு கூடவே வீடு வீடாகக் குடியேறும். மருந்துச் செடி நடுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எப்படி வெட்டுவது என்பதைவிட, எந்தச் செடியிலிருந்து வெட்டுவது என்பதே என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கேள்வி எவ்வளவு முக்கியமானது என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. கொரோனாப் பெருந்தொற்றின் போது தமிழ்நாடெங்கும் வழங்கப்பட்ட கபசுரக் குடிநீரில் சேரும் சரக்குகள் 15. அவற்றில் ஆடாதோடை, கற்பூரவல்லி, சீந்தில், திப்பிலி ஆகிய நான்கும் தண்டை நட்டே சாதாரணமாகப் பெருக்கப்படுபவை. அதுவரை வேலியில் நின்றதை ஏறிட்டும் பாராதவர்கள் திடீரென்று தண்டும் தழையுமாகத் தேடி அலைந்தார்கள். கிடைத்த கொடியையெல்லாம் சீந்தில் என்று வெட்டிக் கொதிக்கவைத்துக் குடித்தவர்கள் அநேகர். 2021-இல் மும்பை மருத்துவர்கள் சிலர், சீந்தில் உட்கொண்ட நோயாளிகள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக எழுதினார்கள். அதற்கு ஆயுஷ் அமைச்சகம், அவர்கள் உட்கொண்டது அசல் சீந்திலாக இல்லாமல் அதன் சகோதர இனமான டினோஸ்போரா கிரிஸ்பாவாக இருக்கலாம் என்று மறுப்புத் தெரிவித்தது. மறு வருஷம் 13 மருத்துவ மையங்களின் தகவலைத் திரட்டி வெளிவந்த ஆய்வோ, அசல் சீந்திலும் சிலருக்குத் தீங்கு செய்யக்கூடும் என்று வாதித்தது. ஆகவே, வைத்தியரைக் கேளாமல் சீந்தில் கஷாயத்தைக் காபிபோல் தினந்தோறும் குடிப்பது விவேகமன்று என்பது ஒன்று. குடிப்பது இன்னதென்று தெரியாமல் குடிப்பது அதைவிடப் பெரிய அவிவேகம் என்பது மற்றொன்று. அசல் சீந்திலின் தண்டு பசுமையாக, மேலே மெல்லிய காகிதம்போல உரியும் தோலோடு இருக்கும். கிரிஸ்பாவின் தண்டு முழுக்கப் பரு எழும்பியதாக இருக்கும், வெட்டினால் பால் கசியும். கையில் ஒரு துண்டை வைத்துக்கொண்டு பார்த்தால் இதை அறியச் சாஸ்திரப் படிப்பு வேண்டியதில்லை.

எங்கள் தெருவில், தார் சுற்றிக்கொண்டே ஊர் நியாயம் பேசும் மூதாட்டி ஒருவர் உண்டு. அவர் வீட்டு வேம்பின்மேல் படர்ந்திருக்கும் சீந்திலைப் பார்த்துவிட்டு ஒரு சமயம் கேட்டேன்: “ஆயா, கொடி நல்லா தழைச்சிருக்குதே, ஒரு முழம் வெட்டிக் குடுங்களேன்.”

“வெட்டிக்கோ நைனா. ஆனா உங்கிட்ட எவனாவது கேட்டா, ஆயா ஊட்டு வேம்புல இருந்து எடுத்ததுன்னு சொல்லிக் குடு. எதுன்னே தெரியாம எதையோ குடிச்சிட்டு, அப்பறம் என் கொடியத் திட்டப்போறானுங்க.”

நான் மேலே நீட்டி எழுதியதையெல்லாம் அவர் தார்க்குச்சியை நிறுத்தாமலே சொல்லிவிட்டார்.

சீந்திலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல ஆசை. போத்து வைக்கும் கலையின் மேன்மையும் குறையும் இந்த ஒரு கொடியிலேயே பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. இதைப்போல் உயிரை இறுகப் பிடித்துக்கொள்ளும் கொடி வேறொன்றைக் காண்பது அரிது. அடியை அறுத்துவிட்டாலும், மேலே கிளையில் தொங்குகிற துண்டு வாடிச் சாவதற்குப் பதில் நூல் போன்ற விழுதுகளைத் தொங்கவிட்டு, அவை தரையைத் தொட்டவுடன் மறுபடியும் வேரூன்றிக்கொள்கிறது. விரல் பருமனுள்ள முற்றிய தண்டை இரண்டு கணுக்கள் உள்ளதாகச் சாண் நீளத்துக்கு வெட்டி, ஆனி ஆடி மாதங்களில் ஒரு கணு மண்ணுக்குள்ளும் ஒரு கணு வெளியிலுமாக நட்டால் போதும். அருகில் வேம்பு இருந்தால் கொடியேறுவதற்கு வேறு பந்தல் வேண்டியதில்லை. வேம்பில் ஏறிய சீந்திலுக்கே வீரியம் அதிகம் என்று வைத்தியர்கள் சொல்லும் சம்பிரதாயமும் இருக்கிறது. முற்றிய தண்டை இடித்து நீரில் கரைத்துத் தெளியவைத்தால் அடியில் படியும் வெண்மையான மாவைத்தான் சீந்தில் சர்க்கரை என்று சித்த வைத்தியத்தில் வழங்குகிறார்கள். பெயரில் சர்க்கரை இருந்தாலும் நாவில் இனிப்பு இராது.

இந்தக் கொடியில் ஆண் வேறு, பெண் வேறு. ஒரு கொடியில் ஆண் பூக்கள் மாத்திரம் பூக்கும். மற்றொரு கொடியில் பெண் பூக்கள் மாத்திரம். ஆண் பூக்கள் கொத்துக் கொத்தாகவும், பெண் பூக்கள் பெரும்பாலும் தனித் தனியாகவும் இருக்கும். பெண் கொடியின் அருகே ஆண் கொடியும் இருந்தால்தான் பட்டாணி அளவில் சிவந்த பழங்கள் பிடிக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஒரு தெருவில் முதன்முதலாக யாரோ கொண்டுவந்து நட்ட கொடி ஆணாக இருந்து, அதிலிருந்து வெட்டிய துண்டுகளே அடுத்த வீட்டுக்கும், அதற்கடுத்த தெருவுக்கும், அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்கும் போயிருந்தால், அந்த ஊர் முழுவதும் நிற்பது ஒரே ஆண் கொடி, எத்தனை தலைமுறை வளர்ந்தாலும் அங்கே ஒரு பழமும் பழுக்காது. ஆயாவைக் கேட்டேன், தாம் அந்தக் கொடியில் பழம் கண்டதே இல்லை என்றார். அது ஆணாக இருக்கலாம், துணையற்ற பெண்ணாகவும் இருக்கலாம். கோடையில் இலை உதிர்ந்து மஞ்சள் பூக்கள் தோன்றும் சமயத்தில் பார்த்தால்தான் நிச்சயமாகும்.

வெட்டுண்ட கொம்பு வேர்விடுவது எப்படி என்னும் விசாரணைக்கு ஐரோப்பியத் தாவர நூலார் அரை நூற்றாண்டுக்கு மேல் செலவிட்டார்கள். ஜெர்மானியரான ஃபோக்டிங் 1878-இல் வெளியிட்ட நூலில், வில்லோ மரத்தின் கொம்பைத் தலைகீழாகத் தொங்கவிட்டாலும், எந்த முனை தாய்மரத்தில் கீழ்முனையாக இருந்ததோ அந்த முனையிலேயே வேரும், மேல்முனையாக இருந்ததிலேயே தளிரும் வருவதைக் காட்டினார். கொம்புக்குத் தன் தலையும் காலும் மறப்பதில்லை. 1928-இல் வென்ட் என்னும் டச்சு அறிஞர் ஓட்ஸ் நாற்றின் நுனியிலிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சிச் சுரப்பைப் பிரித்துக் காட்டினார்; 1930-களின் நடுவில் அதன் ரசாயன ரூபம் தெரிந்தது; 1935-இல் அமெரிக்காவில் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் வேர்விடத் தூண்டுவது வெளியாயிற்று. நாற்றுப் பண்ணைக் கடைகளில் வெள்ளைப் பொடியாக விற்கிறார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் இந்த அமிலந்தான்.

காரியம் நடக்கும் விதம் இதுதான். கொம்பின் மொட்டுகளும் இளந்தளிர்களும் ஆக்சினை உண்டாக்கிக் கீழ்நோக்கி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. வெட்டியபின் அது போக வழியின்றி வெட்டுவாயருகில் தேங்குகிறது. மேலிருந்து இறங்கும் சர்க்கரைச் சத்தும் அங்கேயே சேர்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள செல்கள், அதுவரை பார்த்துவந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, வேர் முனைகளாக மாறிப் பட்டையைப் பிளந்துகொண்டு வெளிவருகின்றன. நாம் செய்ய வேண்டியதெல்லாம், வேர் வரும்வரை கொம்பு காய்ந்துபோகாமலும் அழுகிப்போகாமலும் காப்பதே. சொல்லுவதற்கு இது எளிது. வடாற்காட்டு வெயிலில் செய்வது அவ்வளவு எளிதில்லை.

ஆரணி போன்ற ஊரில் அக்கினி நட்சத்திரத்தில் போத்து வைப்பவன், கொம்பைக் கொல்வதற்கென்றே வெட்டினவனாவான். ஆடி பிறந்து, கமண்டல நாகநதியின் பக்கமிருந்து ஈரக்காற்று வரத் தொடங்கி, மாலை மழை இரண்டு விழுந்தபின் ஆரம்பித்தால் ஆவணி வரைக்கும் உத்தமமான காலம். ஐப்பசியில் வேறு விதமான ஆபத்து: அடைமழையில் தொட்டியில் நீர் தேங்கி, வெட்டுவாய் கறுத்து, வாசனை மாறி அழுகும். வீட்டில் பழைய குழித்தறி இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. பாவு இழை அறாமலிருக்கக் குழியின் ஈரமும் மண்தரையின் குளிர்ச்சியும் தேவையென்று நம் முன்னோர் கட்டிவைத்த அந்த அறையில், கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் மட்டான வெளிச்சத்தில், ஒரு மூலையில் தொட்டிகளை வைத்தால், நாற்றுப் பண்ணைக்காரர் பணம் செலவழித்து அமைக்கும் நிழல்வலைக் கூடாரத்தின் பலனில் பெரும்பகுதி இலவசமாகக் கிடைக்கிறது. ஒரே ஓர் எச்சரிக்கை: சாயத் தண்ணீரையும், பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்த தண்ணீரையும் வீணாகிறதே என்று தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். இளம் வேருக்கு அந்தக் காரம் ஆகாது.

முதலில் பழகுவதற்கு ஆடாதோடையையே சிபாரிசு செய்வேன். ஆடு மாடு வாய்வைக்காத செடியாதலால் வேலிக்கு உகந்தது. அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். நுனியிலுள்ள இளம்பச்சைத் தண்டும் வேண்டாம், அடியிலுள்ள விறகுபோன்ற கட்டையும் வேண்டாம். இரண்டுக்கும் நடுவில், வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் முறியும் பதத்திலுள்ள பகுதியே சரியானது. பேனாப் பருமனில், மூன்று நான்கு கணுக்களோடு, 15 முதல் 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு நறுக்குங்கள். கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்வெட்டு நேராகவும் இருக்கட்டும்; சாய்வு வெட்டினால் வேரிடும் பரப்பு கூடுகிறது என்பதோடு, கட்டாகக் கட்டி வைத்த குச்சிகளில் எது தலை, எது கால் என்று மறுநாள் தடுமாறாமலும் இருக்கலாம். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டொரு இலைகளைப் பாதியாகக் கத்தரித்து விடவேண்டும். இலை முழுதாக இருந்தால் வேரில்லாத கொம்பு நீரை ஆவியாக இழந்து துவண்டுபோகும், இலையே இல்லாவிட்டால் ஊட்டம் குறையும். மணல், செம்மண், மக்கிய எரு மூன்றும் சமபாகம் கலந்து, இரண்டு கணுக்கள் புதையும்படி ஊன்றி, சுற்றிலும் விரலால் அழுத்திவிட்டால் காற்றுப்பை இராது. பொடி தேவையில்லை, ஆடாதோடை தானாகவே மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். மேலே தளிர் வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுப் பிடுங்கிப் பார்ப்பவர்கள் உண்டு. கொம்பில் இருந்த சேமிப்பைக் கொண்டே முதல் தளிர் வந்துவிடும். வேருக்கு அது சாட்சியாகாது. தளிர் இரண்டு ஜோடி இலையாக விரிந்து, மெல்ல இழுத்தால் மண் பிடித்துக்கொள்ளும் நிலை வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

இந்தச் செடியின் பெருமை நம் புழக்கடையோடு நிற்கவில்லை. இதன் இலையிலுள்ள வாசிசின் என்னும் காரச்சத்தை ஆதாரமாகக் கொண்டு செயற்கையாக ஆக்கப்பட்டதே புரோம்ஹெக்சின் என்னும் சளிமருந்து. அதன் வழியில் வந்ததே ஆம்ப்ராக்சால். மருந்துக்கடையில் இருமல் பாகு வாங்கும்போது சீட்டில் இந்தப் பெயர்களைக் கண்டால், வேலியோரத்துச் செடியின் உறவினர் என்று அறிந்துகொள்ளலாம். கர்ப்பிணிகள் இந்தச் செடியை விலக்க வேண்டும்; கருப்பையைச் சுருங்கச் செய்யும் குணம் இதற்குண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கற்பூரவல்லி கிள்ளி ஊன்றினாலே பத்துப் பன்னிரண்டு நாளில் வேர்விடும். தண்ணீரை மிதமாக ஊற்றினால் போதும், அன்பு மிகுந்தால் அழுகும். பிரண்டையை வெட்டியவுடன் நடாமல், வெட்டுவாய் உலர்வதற்கு இரண்டொரு நாள் நிழலில் போட்டு வைத்து நடுவது நல்லது. நொச்சிக்கு முற்றிய கொம்பே ஏற்றது, வாய்க்கால் ஓரத்து ஈரம் அதற்குப் பிரியம். சில ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சி கொசுவை ஒழிக்க நொச்சிக் கன்று வழங்கியபோது, வாசலில் செடி நின்றாலே கொசு ஓடிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள்; தழையைப் புகைத்தால் கொசு ஒதுங்கும், செடி சும்மா நிற்பதற்காக எந்தக் கொசுவும் வீட்டைக் காலி செய்யாது என்பது என் அபிப்பிராயம். தறிக்குழியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்து முழங்கால் பிடித்துப்போனவர்களுக்கு நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய வெந்நீர் ஒத்தடத்தின் அருமை தெரியும். திப்பிலி கொல்லிமலை போன்ற குளிர்ந்த நிழலில் செழிப்பது. நம் ஊரில் தென்னை நிழலும் இடைவிடாத ஈரமும் கொடுக்க முடிந்தால் மாத்திரமே அதற்கு ஆசைப்படலாம். சிறுகுறிஞ்சான் கொஞ்சம் பிடிவாதக்காரன். வெட்டினால் பால் வடியும், வேர் சுலபத்தில் வராது, மாசி பங்குனியில் நுனித்தண்டை எடுத்து, முன்சொன்ன பொடியின் உதவியோடு முயல வேண்டும். மருதாணியும் அந்த ஜாதியே.

எல்லா மூலிகையையும் இப்படிப் பெருக்கிவிடலாம் என்று எண்ணிவிடக் கூடாது. நிலவேம்பு, கீழாநெல்லி, கண்டங்கத்திரி இவற்றுக்கு விதையே வழி. போத்திலிருந்து வந்த செடிக்கு ஆணிவேர் கிடையாது, பக்கவேர்கள்தாம். முருங்கைப் போத்து பெருங்காற்றில் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் ஆழ்ந்த ஆணிவேரையே மருந்தாகக் கொள்ளும் செடிகளைத் தண்டால் பெருக்குவதில் பலன் குறையலாம். சேலம் பக்கத்தில் ஒப்பந்த முறையில் பயிராகும் மருந்துக் கூர்க்கன் இதற்கு விலக்கு. நுனித்தண்டு நட்டு வளர்த்தாலும் அதன் வேர்கள் பருத்து, ஃபோர்ஸ்கோலின் என்னும் சத்தைச் சேமிக்கின்றன. வயல் முழுதும் ஒரே உடலாக இருப்பதிலுள்ள அபாயத்தையும் அந்தப் பயிரே காட்டுகிறது: வேர்முடிச்சு நூற்புழுவும் வாடல் நோயும் புகுந்துவிட்டால், ஒரு செடியை வீழ்த்திய பிணியை எதிர்த்து நிற்கும் சுபாவம் பக்கத்துச் செடிக்கும் இராது.

இதனால்தான் சவ்வாது மலைக் காட்டில் விதையால் பிறந்து நிற்கும் செடிகளை நான் புழக்கடைச் செடிகளைவிட உயர்வாக மதிக்கிறேன். நம் நாட்டு மருந்துச் சரக்கில் பெரும்பகுதி இன்னும் காட்டிலிருந்தே வருகிறது. ஆடாதோடை, சீந்தில், நொச்சி போன்று வீட்டிலேயே பெருக்கக்கூடியவற்றுக்காவது காட்டை நாடாமலிருந்தால், மலையில் ஆணும் பெண்ணுமாகக் கலந்து வளரும் அந்தப் பலவிதமும் பிழைத்திருக்கும்.

இந்த ஆடியில் போத்து வாங்க வருகிறவர்களுக்கு நான் ஒரு சிறு அட்டையையும் கூடக் கட்டிக் கொடுக்கிறேன்: செடியின் தமிழ்ப் பெயர், தாவரப் பெயர், தாய்ச்செடி நிற்கும் தெரு, வெட்டிய மாதம். அவர்கள் பிறருக்கு வெட்டிக் கொடுக்கும்போது அட்டையையும் நகலெடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதே நான் கேட்கும் விலை. சீந்தில் அட்டையில் மாத்திரம் ஆணா பெண்ணா என்னும் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. படவேடு, கண்ணமங்கலம், தேவிகாபுரம் பக்கத்தில் சிவந்த பழம் பிடித்த சீந்திலைக் கண்டவர்கள் இருந்தால், கொடியை அறுக்காமல், இடத்தை மட்டும் எனக்குத் தெரிவியுங்கள். கத்தியோடு நானே வருகிறேன்.